கார் பஞ்சாங்கக்காரர்

உலகத்தில் காலத்தை அளக்க மூன்று வழிகள் உண்டு. சூரியனை வைத்து அளக்கலாம். சந்திரனை வைத்து அளக்கலாம். சிட்ரோயன் காரை வைத்தும் அளக்கலாம். முதல் இரண்டு வகைக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வகைக்காரரைப் பார்க்க எங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும். பாரிசுக்கு மேற்கே உள்ள ரென் நகரத்துக்குத் தெற்கே, சிட்ரோயன் கார் ஆலையிலிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு காரேஜ் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் துணியோடு, துடைக்கவே தேவையில்லாத ஒன்றைத் துடைத்துக்கொண்டு, யாராவது இந்தப் பக்கம் வரமாட்டார்களா என்று தெருவையே பார்த்தபடி ஒருவர் நிற்பார். தயவுசெய்து அருகில் போய்விடாதீர்கள். நான் போனேன். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இந்த இனத்துக்கு நான் கார் பஞ்சாங்கக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம். ஏதாவது ஒரு வருஷத்தைக் கேளுங்கள், போதும்.

என் பக்கத்து வீட்டு முசியே, அதாவது திருவாளர், அர்மெல் கெகான் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் காருக்குக் கதவு மாட்டி ஓய்வு பெற்றவர். ஒரு தடவை சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"உங்க பொண்ணு கத்தெல் எந்த வருஷம் பொறந்தா?"

"கத்தெலா? நம்ம ஜி.எஸ்.ஸுக்கு ரெண்டாவது தடவையா டயர் மாத்தினோமே, அந்த வருஷம்."

"உங்க அம்மா தவறினது?"

"பாவம், சாந்தியா வந்த மறு வருஷம். நல்ல கார். அம்மா ஒரே தடவைதான் ஏறினாங்க."

"அறுபத்தெட்டுல பாரிசுல பெரிய கலவரம் நடந்துச்சே, அப்போ?"

"தியான் கார் வந்து எட்டு ஒன்பது மாசம் ஆகியிருக்கும்."

பாருங்கள், அரசாங்கமே ஆடிப்போன சம்பவம். இவருக்கு அது தியானுக்கு அடுத்த அத்தியாயம்! அறுபத்திரண்டில் இந்த நாட்டு ஜனாதிபதியை நோக்கிச் சுட்டார்கள். டயர் போன பிறகும் அவருடைய டி.எஸ். கார் நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. அந்தக் கதையைச் சொல்லும்போது முசியே கெகானுக்குக் கண் கலங்கும். டயர்களுக்காக.

இவரிடம் நீங்கள் ஏணி இரவல் கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏணி கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால், போலந்துக்குப் போன சிட்ரோயன் என்ற ஒரு இளைஞர் அங்கே ஒரு பல்சக்கரத்தின் அம்பு வடிவப் பற்களைப் பார்த்ததிலிருந்து தொடங்கி, அந்த இரண்டு அம்புகளே பின்னால் சின்னமாகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் முதல் கார் வந்து, இருபத்தைந்தில் ஈபிள் கோபுரத்தின் மேலேயே தன் பெயரை விளக்குகளால் எழுதி, முப்பத்திநான்கில் முன்சக்கரம் இழுக்கிற கார் ஒன்றைக் கொண்டுவந்து அதிலேயே கையிருப்பெல்லாம் கரைந்து, கம்பெனி டயர்க்காரர்கள் கைக்குப் போய், மறு வருஷமே மனுஷரும் போய்ச் சேர்ந்து, உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது என்று சொல்லிச் செய்யவைத்த இரட்டைக்குதிரை கார் உலகப் போர் முடியும்வரை ஒளிந்து கிடந்து, நாற்பத்தெட்டில் கண்காட்சியில் வெளியே வந்து, ஐம்பத்தைந்தில் டி.எஸ். வந்த முதல் நாளே ஜனங்கள் முண்டியடித்து ஆர்டர் கொடுத்ததுவரை வந்து சேர வேண்டும். நடுவில் இருமக்கூடாது. இருமினால் போலந்திலிருந்து மறுபடி கிளம்புவார்.

உலகப் போர் என்றால் இவருக்கு என்ன தெரியுமா? இரட்டைக்குதிரையைத் தாமதப்படுத்திய இடைஞ்சல். அவ்வளவுதான்.

இந்த இனத்தின் ஜாதிக் கட்டுப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். என்னுடைய கார் பெஜோ. அதனால் என் மேல் அவருக்குக் கோபம் கிடையாது, பரிதாபம்தான்; வெளிநாட்டிலிருந்து வந்தவன், விவரம் தெரியாது என்று மன்னித்துவிட்டார். ஆனால் பரம எதிரிக் கம்பெனியான ரெனோ என்றால் கதை வேறு. மகள் கத்தெல் வைத்திருப்பது ரெனோ. அதை அப்பா வீட்டு வாசலில் நிறுத்த அனுமதி இல்லை. மாதா கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெற்ற அப்பாவைப் பார்க்க இருநூறு மீட்டர் மழையில் நடந்து வருவாள்.

"ப்பா, இது அநியாயமா இல்லையா?"

"நான் உன்னை எதுவும் சொல்லலியேம்மா. நீ எப்பவும் வரலாம்னுதானே சொல்றேன்."

இப்போது காரேஜுக்குள் இருக்கிற சாமியைப் பார்ப்போம். தேன் நிற ஜி.எஸ். இதன் விசேஷம், நிறுத்திவைத்தால் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தழைந்து படுத்துவிடும். சாவியைத் திருப்பினால் உள்ளே எண்ணெய் ஏறி, முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் என்று மெதுவாக எழுந்து நிற்கும். அது முழுசாக எழுந்திருக்கும்வரை முசியே கெகான் அசைய மாட்டார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, கண்ணை நேராக வைத்து, பேச்சை நிறுத்தி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அவர் மனைவி மதாம் மரிவோனும் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பார். கத்தெல் பிறக்க இடுப்பு வலி எடுத்த அன்றைக்குக்கூட இதே கதைதான்.

"அர்மெல், கிளம்பு!"

"ஒரு நிமிஷம், இன்னும் முன்பக்கம் ஏறல."

"வண்டி ஏறலைன்னு குழந்தை காத்திருக்காது!"

"ஆச்சு ஆச்சு, ஏறிக்கிட்டே இருக்கு பாரு."

மரிவோன் இதை எல்லா விருந்திலும் சொல்வார். எல்லாரும் சிரிப்போம். மரிவோனும் சிரிப்பார், ஆனால் கொஞ்சம் சீக்கிரமே நிறுத்திவிடுவார்.

போன வருஷம் ஏப்ரலில் அழைப்பிதழ் வந்தது. ஐம்பதாவது கல்யாண நாள். எங்கள் பக்கத்தில் அதை ஊர் மன்றத்தில் வைத்துச் செய்வார்கள். மேயர் மூவண்ணப் பட்டை கட்டிக்கொண்டு வந்து, அன்றைக்குப் பதிவேட்டில் எழுதிய கல்யாணப் பத்திரத்தை மறுபடி வாசிப்பார். அழைப்பிதழின் அட்டையில் படம். மணமகன் மணமகள் படம் இல்லை, ஜி.எஸ்.ஸின் முகப்புப் படம். கீழே, ஜூலை 13, 1974 – ஜூலை 13, 2024. மேயர் அலுவலகமும் சரி, சனிக்கிழமைதானே, வாருங்கள் என்று நேரம் கொடுத்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஜூன் இருபத்திரண்டு வரைக்கும். அன்றைக்குக் காலை முசியே கெகான் என் வேலிக்கு வந்தார்.

"மரிவோனுக்கு என்னமோ ஆயிடுச்சு. காலங்காத்தால முத்து மாலையெல்லாம் போட்டுக்கிட்டு நிக்கறா."

"இன்னைக்கு ஏதாவது விசேஷமா?"

"இன்னைக்கா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் என் பெஜோவின் கதவைப் பார்த்தார். "இன்னைக்கு ஒன்னும் இல்லியே. ரெதோன்ல பழைய கார்க்காரங்க கூடுறாங்க. நான் கிளம்பறேன்."

ஜி.எஸ். எழுந்தது. போனார். மத்தியானம் நான் வாங்கியிருந்த ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தோட்டத்தில் மேஜை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, திறக்காத ஆப்பிள் சைடர் பாட்டில். மரிவோன் நீல உடுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்பக்கம் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது: அர்மெல், மரிவோன், 22-6-74.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ ஜூலை பதிமூணு?"

"ஜி.எஸ். எங்க வீட்டுக்கு வந்த நாள்."

"கடவுளே! நீங்க சொல்லலியா?"

"முதல் வருஷமே சொல்லிப் பாத்தேன். காதுல விழாத மாதிரி எழுந்து போயிட்டார். அப்புறம் வருஷா வருஷம் ஜூலை பதிமூணாம் தேதி பூ வாங்கிட்டு வருவார். நானும் வாங்கி வச்சுக்குவேன். இத்தனைக்கும் அவர் மோதிரத்துலயும் இதே தேதிதான் இருக்கு. விரல் தடிச்சுப் போச்சு, கழட்ட முடியல."

"இப்பவாவது சொல்லிடுங்க மதாம். ஊரே வரப்போகுது. மேயர் வாசிச்சா மானம் போயிடுமே!"

"போகட்டும்." அவர் மோதிரத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் சொல்லி அவர் சொன்னா அது என்னோட தேதி. ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் வாயால தானா வரணும். அம்பது வருஷத்துல நான் வேற என்ன கேட்டேன்?"

எனக்கு அந்த மனுஷன் மேல் நிஜமாகவே ஆத்திரம் வந்தது. இரண்டு தட்டில் ஒன்றில் என்னைச் சாப்பிடச் சொன்னார். அந்தத் தட்டில் எப்படிச் சாப்பிடுவது? நின்றபடியே ஒரு வாய் சைடர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும்போது கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தேன். நூறு தடவை பார்த்த படம்தான். மரிவோனின் இடது முழங்கையோடு படம் வெட்டிக்கொண்டு போகும். படம் எடுத்தவனுக்கு வேலை தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஜூலை பதிமூன்று வந்தது. ஊர் மன்றத்துக் கல்யாணக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆலையில் கூட வேலை செய்தவர்கள் மட்டுமே முப்பது பேர். கதவுப் பிரிவு, கண்ணாடிப் பிரிவு, பெயின்ட் பிரிவு என்று பிரிவுவாரியாகவே உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஜி.எஸ். வெள்ளை வலைத்துணியும் ரிப்பனும் கட்டிக்கொண்டு மணப்பெண் கணக்காகப் படுத்திருந்தது. மேயர் மதாம் தொலுவார் பட்டையைச் சரிசெய்துகொண்டு பதிவேட்டின் நகலை எடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, ஜூன் மாதம் இருபத்திரண்டாம் நாள், காலை பதினொரு மணிக்கு…"

கூடத்தில் எழுபது அழைப்பிதழ்களை ஒரே நேரத்தில் எடுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

முசியே கெகான் எழுந்தார். நமக்கெல்லாம் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வோம்? அசடு வழிவோம், மனைவி கையைப் பிடிப்போம், மயக்கம் வருகிற மாதிரியாவது விழுவோம். கார் பஞ்சாங்கக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து காரின் பதிவு அட்டையை எடுத்தார்.

"மன்னிக்கணும் மதாம். உங்க பதிவேட்டுல தப்பு இருக்கு. இதைப் பாருங்க. முதல் பதிவு, ஜூலை பதிமூணு, எழுபத்தி நாலு. அரசாங்க முத்திரை இருக்கு."

மேயர் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பொறுமையாகப் பார்த்தார். "முசியே கெகான், இது உங்க கார் அட்டை."

"ஆமா. நாங்க கல்யாணத்துக்கு வந்த கார். கார் ஜூலையில வந்துது, அப்போ கல்யாணம் ஜூன்ல எப்படி நடந்திருக்கும்?"

"இதுல மதாம் பேரு இல்லீங்களே."

கண்ணாடிப் பிரிவில் யாரோ சிரித்துவிட்டு இருமி மறைத்தார்கள். அப்போதுதான் மரிவோன் வாயைத் திறந்தார். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"நாம அந்தக் கார்ல வரல, அர்மெல்."

"மரிவோன்…"

"நீ ரெண்டு தடவை கலரை மாத்தினே. முதல்ல வெள்ளைன்னே, அப்புறம் பச்சைன்னே, கடைசியில தேன் கலர்னே. வண்டி ஜூலைக்குத் தள்ளிப்போச்சு. நாம எங்க மாமா வண்டியிலதான் வந்தோம். நாலு-எல். ரெனோ."

அந்த வார்த்தை கூடத்தில் விழுந்ததும் பெயின்ட் பிரிவில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கத்தெல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூறு மீட்டர் மழையெல்லாம் அவள் கண்ணில் தெரிந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் படத்தின் ஓரம் ஏன் வெட்டப்பட்டது, அங்கே எந்தக் கார் நின்றது என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

முசியே கெகான் அட்டையைப் பையில் வைத்தார். உட்கார்ந்தார். மேயர் மீதியை வாசித்து முடித்தார். எல்லாரும் கை தட்டினோம், வேறு என்ன செய்வது? விருந்து ஏரிக்கரை மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. கலெத் தோசைக்குள் சுருட்டிய சாசேஜ் ஆறிக்கொண்டிருக்கும் என்று ஜனங்கள் மெல்ல வெளியே நகர்ந்தார்கள்.

வாசலில் அவர் ஜி.எஸ்.ஸில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கண் நேராக. பின்பக்கம் எழ ஆரம்பித்தது. மரிவோன் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை.

"அம்பது வருஷம் இது எழுந்திருக்கட்டும்னு உன் பக்கத்துல உக்காந்து காத்திருந்தேன். இன்னைக்கு முடியாது அர்மெல். நான் கத்தெல் வண்டியில போறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாதா கோயில் பக்கம் நடந்துவிட்டார். கத்தெல் பின்னாலேயே ஓடினாள். போகிற போக்கில் அம்மாவின் பூங்கொத்தை என் கையில் திணித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மரிவோன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தவில்லை. நான் முன் சீட்டில், மடியில் பூ. திரும்பிப் பார்த்தேன்.

சதுக்கத்தின் அந்தப் பக்கம், மன்ற வாசலில், ஜி.எஸ். பாதி எழுந்து, பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. இஞ்சின் சத்தம் நின்றது. அது முழுசாக எழும் முன்னால் அவர் அணைத்து நான் பார்த்ததே இல்லை. இறங்கினார். முப்பது ஆலைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சதுக்கத்தைக் குறுக்கே கடந்து, ரெனோவை நோக்கி நடந்து வந்தார்.

திறந்திருந்த கதவுக்கு வந்தார். மரிவோனின் நீல உடுப்பின் ஓரம் படியில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து, அதை இரண்டு கையாலும் அள்ளி, உள்ளே எடுத்து வைத்தார். கதவை மெதுவாக, அழுத்திச் சாத்தினார். கண்ணாடி இறங்கியிருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சிருக்கணும்," என்றார்.

மரிவோன் திரும்பவில்லை. "என்னிக்கு?"

"ஜூன் இருபத்திரெண்டு. லேசாத் தூறிச்சு. உங்க மாமா சீக்கிரம் சீக்கிரம்னார். நான் பாக்காம கதவைச் சாத்திட்டேன். உன் வெள்ளை கவுன் இடுப்புவரைக்கும் கிழிஞ்சு போச்சு. மன்றத்துக்குள்ள எல்லாரும் பாக்க நீ ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னே." அவர் கதவின் விளிம்பைத் தடவினார். "நான் கதவு மாட்டுறவன், மரிவோன். ஊர்ல எல்லாருக்கும் தெரியும், நான் கதவு மாட்டுறவன்."

"உனக்கு ஞாபகம் இருக்கு."

"மறந்தாத்தானே."

நாங்களெல்லாம் மறதி என்று நினைத்திருந்தோம். மறதியும் இல்லை, மண்ணும் இல்லை. வெட்கக்கேடான ஒரு தேதியின் மேல் ஐம்பது வருஷமாக ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்திவைத்திருந்தார் மனுஷன். மரிவோன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

"அம்பது வருஷம் கழிச்சுத்தான் என் கல்யாணத்துக்கு வந்திருக்கே. பரவாயில்ல, ஏறு."

அதே கதவைத் திறந்து அவர் ஏறினார். கத்தெல் சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே கிளம்பிவிட்டது. எதுவும் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவர் திடுக்கிட்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஏரிக்கரை போவதற்குள் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அந்த நாலு-எல் அறுபத்தஞ்சு மாடல். மூணு கியர்தான். நாலு கியர் அப்புறம்தான் வந்துது."

"வாயை மூடிக்கிட்டு வா," என்றார் மரிவோன். ஆனால் அவர் கை இவர் கைமேல் இருந்தது.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தபடிதான் எழுதி முடித்து, படித்துப் பார் என்று என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் கடைசிவரை படித்தாள். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"புதுச்சேரியில வச்சிருந்தீங்களே ஸ்கூட்டர், அது நம்பர் என்ன?"

எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

"நம்ம கல்யாணத் தேதி?"

அதுவும் தெரியும். நிச்சயம் தெரியும். அந்த ஸ்கூட்டருக்கு முதல் சர்வீஸ் விட்டேனே, அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

உங்களையும் இப்போது ஒருத்தர் கேட்கப் போகிறார். சீக்கிரம் யோசித்து வையுங்கள்.